போர்ட்டோவுக்கு டிக்கெட் போட முடியலையா? தூத்துக்குடிக்கு வண்டி எடுங்க

"போர்ட்டோ ட்ரிப் பத்திப் பேசறேன்னு சொன்னீங்களே ப்ரோ, எப்போ?" இன்னைக்குப் பேசிடலாம். ஆனா பாதி எபிசோட் தூத்துக்குடியிலதான் நடக்கும். ஏன்னு முதல்ல சொல்லிடறேன்.

நான் சங்கரன்கோவில்காரன். அப்பா விசைத்தறி ஓட்டினவங்க. போன வருஷம் ஆபீஸ் வேலையா நாலு நாள் போர்ச்சுகல்ல இருக்கிற போர்ட்டோ நகரத்துக்குப் போயிருந்தேன். வீடியோ கால்ல ஆற்றைக் காட்டினப்போ அம்மா, "எங்களையும் ஒரு நாள் கூட்டிட்டுப் போல" என்றார்கள். சரின்னு சொல்லி, ரெண்டு பேருக்கும் பாஸ்போர்ட் எடுத்து, காசும் சேர்க்க ஆரம்பிச்சேன். ஜனவரியில அப்பாவுக்கு பைபாஸ் ஆச்சு. நீண்ட விமானப் பயணம் இப்போதைக்கு வேண்டாம்னு டாக்டர் சொல்லிட்டாங்க. அப்பா அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. ஆனா அலமாரியில அந்த ரெண்டு பாஸ்போர்ட்டையும் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மாதிரி இருக்கும்.

கார்ல போகலாம்னு டாக்டர் சொன்னதும், ஏப்ரல்ல ஒரு நாள் கோவில்பட்டி, எட்டயபுரம் வழியா தூத்துக்குடிக்குக் கூட்டிட்டுப் போனேன். சுமார் ரெண்டரை மணி நேரம். போற வழியெல்லாம் போர்ட்டோ கதைதான்.

முதல் கதை சாப்பாடு. போர்ட்டோக்காரங்களுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு: குடல் தின்னிகள். வெள்ளை பீன்ஸ் போட்டு நிதானமா வேகவைத்த குடல்தான் அந்த ஊரின் பேர்போன சாப்பாடு. 1415இல் ஆப்பிரிக்கக் கரையில இருக்கிற சியூட்டா நகரத்தைப் பிடிக்க போர்ச்சுகல் கப்பல்கள் கிளம்பின. நல்ல கறியை எல்லாம் கப்பலுக்குக் கொடுத்துட்டு, மிஞ்சின குடலைச் சமைச்சு சாப்பிட்டோம்னு ஊர்க்காரங்க பெருமையாச் சொல்வாங்க. அப்பா கேட்டுட்டு, "நம்ம ஊர்ல ஞாயித்துக்கிழமை வைக்கிற குடல் குழம்புதான, இதுக்கு எதுக்குல பிளேன்?" என்றார்கள்.

ஆனா அந்தப் படையெடுப்பை நீங்க ஞாபகம் வெச்சுக்கணும். போர்ச்சுகலின் கடல் பேரரசு தொடங்கினது அங்கேதான். 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தார். 1530களில் முத்துக்குளித்துறையின் பரதவர்கள் எதிரிகளிடமிருந்து பாதுகாப்பு கேட்டபோது, போர்ச்சுகீசியர் கொடுத்தார்கள். அதோட விலை மதமாற்றம். முத்து வருமானத்திலும் அவர்கள் கை வைத்தார்கள். 1658இல் டச்சுக்காரர்கள் வந்து தூத்துக்குடியைப் பறித்துக்கொண்டார்கள். நாம இன்னைக்கு ரசிக்கிற பல விஷயங்கள் இந்தக் கணக்கு வழக்கோட சேர்ந்து வந்தவைதான்.

அடுத்தது குடி. போர்ட்டோ உலகம் முழுக்கத் தெரியறது போர்ட் ஒயினால. அந்த ஒயின் ஏன் அவ்வளவு இனிப்பா இருக்கு? திராட்சைச் சாறு புளிக்கும்போது ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னு ஆல்கஹாலா மாத்தும். விட்டா எல்லாச் சர்க்கரையும் காலி. அதனால பாதியிலேயே, சுமார் 77 சதவீத ஆல்கஹால் இருக்கிற திராட்சைச் சாராயத்தை அதுல ஊத்திடறாங்க. ஈஸ்ட் செத்துடும், மிச்சச் சர்க்கரை அப்படியே தங்கிடும். கடைசியில ஒயின்ல சுமார் 20 சதவீதம் ஆல்கஹால் இருக்கும்.

எட்டயபுரம் தாண்டி ரோட்டோரம் பதநீர் விக்கிறவரைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தினேன். பனையில கட்டுற கலயத்தோட உள்பக்கம் சுண்ணாம்பு தடவியிருப்பாங்க. அது சாறைக் காரத்தன்மைக்கு மாத்தறதால நுண்ணுயிர்கள் பெருக முடியாது, புளிப்பும் ஏறாது. சுண்ணாம்பு இல்லேன்னா அதே சாறு கள். யோசிச்சுப் பாருங்க, ரெண்டு ஊருக்கும் பிரச்சினை ஒண்ணுதான்: இனிப்பு கெடாம இருக்கணும். அவங்க சாராயம் ஊத்தினாங்க, நம்மாளுங்க சுண்ணாம்பு தடவினாங்க. அப்பா பட்டையைப் பிடிச்சு ரெண்டு மடக்கு குடிச்சாங்க. அதுக்கு மேல அம்மா விடல.

இன்னொண்ணு. போர்ட்டோவுக்கு எதிர்க்கரையில, ஒயின் கிடங்குல கைடு 550 லிட்டர் பெரிய மர உருளையைக் காட்டி "பீப்பா"ன்னு சொன்னதும் சிரிச்சுட்டேன். நம்ம பீப்பாயேதான். ஜன்னல், சாவி, மேசை, அலமாரி எல்லாமே அவங்க மொழியில இருந்து தமிழுக்கு வந்ததுதான். எங்க வீட்டுப் பாஸ்போர்ட்கள் தூங்கறதும் ஒரு போர்ச்சுகீசிய வார்த்தைக்குள்ளதான்.

மூணாவது மக்ரூன். போர்ச்சுகல் இனிப்புகள் பெரும்பாலும் முட்டை மஞ்சள்கருவுல செய்றது. காரணமாச் சொல்ற கதை சுவாரசியமானது. கன்னியர் மடங்கள்ல துணிக்குக் கஞ்சி போடவும், ஒயினைத் தெளிய வைக்கவும் வெள்ளைக்கரு போயிடும். மிஞ்சின மஞ்சள்கருவுல சர்க்கரை சேர்த்து இனிப்பு பண்ணினாங்களாம். தறிக்காரருக்குக் கஞ்சின்னாலே காது நிமிர்ந்திடுமே! "பாவுக்கு நாங்க மைதாக் கஞ்சி போடுவோம், அவன் முட்டையில போட்டானாக்கும்" என்று அப்பா ரொம்ப நாள் கழிச்சு வாய்விட்டுச் சிரிச்சாங்க.

தூத்துக்குடி மக்ரூன் அதுக்கு நேர் எதிர். இங்க வெள்ளைக்கருதான் ஹீரோ. அதை நுரையா அடிச்சு, சர்க்கரையும் முந்திரித் தூளும் சேர்த்து, தாள்கூம்பு வழியா சின்னக் கோபுரம் மாதிரி பிழிஞ்சு, குறைஞ்ச சூட்டில நெடுநேரம் உலர விடுவாங்க. ஐரோப்பாவுல பாதாம் போடற இடத்துல இங்க முந்திரி. அந்த முந்திரியே பிரேசில்ல இருந்து போர்ச்சுகீசியர் கொண்டு வந்த மரம். கடற்காத்து ஈரத்தைச் சர்க்கரை உடனே இழுத்துக்கும். அதனால டப்பாவைத் திறந்தா சீக்கிரம் தின்னு முடிச்சிடணும், இல்லேன்னா பிசுபிசுன்னு ஆயிடும்.

கடைசியா காட்சி. போர்ட்டோவுல 1886இல் கட்டின இரும்பு வளைவுப் பாலத்து மேல நின்னா, கீழ ஆறு, ரெண்டு கரையிலும் ஓட்டுக் கூரைகள். தூத்துக்குடியில நாங்க முதல்ல பார்த்தது 1713இல் கட்டின பனிமய மாதா கோயில். பனியே விழாத உப்பளத்து ஊர்ல பனி மாதா! ரோமுல ஆகஸ்ட் மாசத்துல பனி விழுந்ததாச் சொல்ற கதையில இருந்து வந்த பெயர் அது. ஆகஸ்ட் 5 திருவிழா.

சாயங்காலம் உப்பளத்துப் பக்கம் போனோம். சூரியன் இறங்க, பாத்திகள் எல்லாம் கண்ணாடி மாதிரி மின்னிச்சு. நான் போனை எடுத்தேன். அப்பா உப்பு வாரிக்கிட்டு இருந்த ஒரு அம்மாவோட கால்களையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. "நாள் பூரா உப்புத் தண்ணியில நின்னா பாதம் என்ன ஆகும்ல?" என்று மட்டும் கேட்டாங்க. போனை உள்ளே வெச்சுட்டேன். போர்ட்டோவுலயும் ஆற்றோரம் மூட்டை தூக்கினவங்க இருந்திருப்பாங்க. அந்த நாலு நாளும் நான் அவங்களை யோசிக்கவே இல்ல.

திரும்பி வர்ற வழியில அம்மா மடியில மக்ரூன் டப்பா. அப்பா மெதுவா, "அந்தப் பாலத்துல நடந்து போக விடுவானால?" என்றார்கள். விடுவாங்கப்பா, மேல் தட்டுல டிராம், பக்கத்துலயே நடக்கலாம்னேன். "சரி, அடுத்த வருஷம் டாக்டர்ட்ட கேட்போம்" என்றார்கள். பாஸ்போர்ட் பத்து வருஷம் செல்லுபடியாகும். கேட்போம்.

நீங்க போறதா இருந்தா ஏப்ரல், மே நல்ல நேரம். பதநீரும் கிடைக்கும், உப்பு வாரறதையும் பார்க்கலாம். தொப்பியும் தண்ணியும் மறக்காதீங்க.