லாரியில் ஒலிபெருக்கி: மின்கம்பியைப் பாதுகாப்பாக உள்ளே கொண்டுவரும் முறை

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் குடியிருப்புகள் ஒரே இடத்தில் அமைவதில்லை. ஒரு லயம் பள்ளத்தில் இருக்கும். மற்றொன்று மேட்டின் மீதிருக்கும். கோயில் திருவிழாவையோ மருத்துவ முகாமையோ அனைவருக்கும் அறிவிக்க வேண்டுமாயின், லாரியின் மேல் கூம்பு ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு வளைவுச் சாலைகளில் மெதுவாகச் செல்வதே எளிய வழியாகும். 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில், தகவல் இலாகா வாகனங்கள் இவ்வாறே தோட்டங்களுக்கு வந்தன.

ஒரு தோட்டத்தில் நாம் கண்டது இது. பேட்டரியிலிருந்து மெல்லிய வயரை இழுத்து, கதவிடுக்கின் வழியாக ஆம்ப்ளிபயருக்குக் கொடுத்திருந்தனர். கதவு பலமுறை மூடப்பட்டதில் வயரின் மேலுறை அறுந்து, செம்பு இரும்பைத் தொட்டது. நொடிப்பொழுதில் புகை எழுந்தது. வயரைக் கையால் பிடித்திழுத்த டிரைவரின் உள்ளங்கை வெந்துபோயிற்று. பின்னால் திருவிழாவுக்குரிய காகிதத் தோரணங்கள் குவிந்து கிடந்தன. தீ அவற்றைப் பற்றாதது அதிர்ஷ்டமே.

12 வோல்ட் தானே, என்ன செய்துவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால் என்ஜினைச் சுழற்றிவிடும் பேட்டரியால் ஒரே கணத்தில் பல நூறு ஆம்பியர் மின்சாரத்தைத் தர இயலும். அத்தனையும் மெல்லிய கம்பியில் பாய்ந்தால் அது பழுக்கக் காய்ந்துவிடும். ஆகவே பேட்டரியின் நேர்முனையிலிருந்து ஒன்றரை அடிக்குள் பியூஸ் பொருத்த வேண்டும். ஆம்ப்ளிபயரில் பியூஸ் இருக்கிறதே என்பது போதாது; அது ஆம்ப்ளிபயரைக் காக்குமேயன்றி, வழியிலுள்ள வயரைக் காக்காது.

100 வாட் ஆம்ப்ளிபயர் முழு ஒலியில் ஏறத்தாழ 14 ஆம்பியர் இழுக்கும். 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரும் 20 ஆம்பியர் பியூசும் இதற்கு ஏற்றவை. 5 மீட்டர் நீளத்தில் இவ்வயர் சுமார் 0.3 வோல்ட்டையே இழக்கும், 1.5 சதுர மில்லிமீட்டர் வயரோ 0.8 வோல்ட்டுக்கு மேல் இழந்துவிடும். ஒலி கரகரப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வேலையைத் தொடங்குமுன் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிடுக. புகைக்குழாய், ஸ்டீயரிங் தண்டு, பெடல்கள் ஆகியவற்றை விட்டு விலகியே வயர் செல்ல வேண்டும். கேபினுக்குள் நுழைய, லாரியின் சொந்த வயர்க்கட்டு செல்லும் துளையில் இடமிருந்தால் அதுவே நல்லது. புதிதாகத் துளையிட நேர்ந்தால், மறுபக்கம் என்ன இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். பிரேக் எண்ணெய்க் குழாயைத் துளைத்துவிட்டு மலையிறங்குவதைக் காட்டிலும் பேராபத்து வேறில்லை. துளையின் விளிம்பை அரத்தால் தேய்த்து, ரப்பர் வளையத்தை மாட்டிய பின்னரே வயரைச் செலுத்துக.

முன்பக்கம் சாயும் கேபினுள்ள லாரிகளில், கீல் அருகே வயரைத் தளர்வாக விடுதல் அவசியம். ஒருவர் கேபினை மெல்லச் சாய்க்க, மற்றொருவர் வயர் இழுபடுகிறதா என்று கவனித்தல் நலம்.

மழையும் மூடுபனியும் மிகுந்த மலை இது. துளைக்கு வெளியே வயரைச் சற்றுக் கீழே வளைத்து, பின்னர் மேலேற்றினால், நீர் அவ்வளைவிலேயே சொட்டிவிடும். எதிர்முனை வயரைப் பெயிண்ட் சுரண்டிய தூய இரும்பில் இறுக்கி, மேலே கிரீஸ் பூசுக.

பெரிய லாரிகளில் இரண்டு பேட்டரிகள் இணைந்து 24 வோல்ட் தருகின்றன. அவற்றுள் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்தால், அது குறைவாகவும் மற்றது அளவுக்கு மீறியும் மின்னேற்றம் பெற்று, இரண்டுமே கெடும். மாற்றுக்கருவி ஒன்றை வாங்குவதே சிக்கனம்.

என்ஜினை நிறுத்திவிட்டு நெடுநேரம் பாட்டுப் போடுவோரும் உளர். 14 ஆம்பியர் வீதம் நான்கு மணி நேரத்தில் 56 ஆம்பியர்-மணி தீர்ந்துவிடும். பிறகு நள்ளிரவுக் குளிரில் லாரியைத் தள்ள ஆள் தேட வேண்டியதுதான்.

எல்லாம் முடிந்தபின் அரைமணி நேரம் ஒலிக்கவிட்டு, பியூஸ் கூட்டைத் தொட்டுப் பார்க்கவும். கை பொறுக்காத சூடு இருப்பின், இணைப்பு தளர்ந்திருக்கிறது. கழற்றி மீண்டும் இறுக்குக.