அலை தேரும் அட்டை



வீட்டுக் கணினியிலேயே தொலைக்காட்சி காண வழிசெய்த ஒரு சிறு கருவியைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். கடைகளில் அதனை டி.வி. ட்யூனர் கார்டு என்பர்; நாம் அலைதேர் அட்டை எனலாம். 1990-களிலும் அதற்கடுத்த பத்தாண்டுகளிலும் பல வீடுகளின் கணினிப் பெட்டிக்குள் அது குடியிருந்தது. அது செய்த வேலைகள் இரண்டு: ஒன்று தெரிந்தெடுத்தல்; மற்றொன்று அளத்தல்.

முதலில் தெரிந்தெடுத்தலைக் காண்போம். கூரைமேல் நின்ற ஆன்டெனாவிலிருந்து இறங்கும் கம்பி ஒன்றுதான். அதன் வழியே பல நிலையங்களின் அலைகள் ஒருங்கே வந்தன. அவற்றுள் வேண்டியதைப் பிரிப்பது எங்ஙனம்? அட்டை தானும் ஓர் அலையை எழுப்பி, வரும் அலையோடு கலக்கும். அக்கலப்பில் இரண்டின் வேறுபாட்டு அதிர்வெண் பிறக்கும். சான்றாக, ஐந்தாம் அலைவரிசையின் படம் 175.25 மெகாஹெர்ட்சில் வருவது. அட்டை 214.15 மெகாஹெர்ட்சில் தன் அலையை எழுப்பினால் வேறுபாடு 38.9 ஆகும். அதனை ஒட்டிய அலைகளை மட்டுமே உள்ளே விடும் வடிகட்டி ஒன்று அங்கே உண்டு, ஏனையவை தடுக்கப்படும். வேறு நிலையம் வேண்டின் வடிகட்டியை மாற்ற வேண்டுவதில்லை. தான் எழுப்பும் அலையை மாற்றினாற் போதும். எட்வின் ஆம்ஸ்ட்ராங் 1918-இல் கண்ட உத்தி இது. பெரும்பாலான வானொலிப் பெட்டிகளும் இவ்வுத்தியாலேயே பேசின.

அடுத்தது அளத்தல். அந்நாளைய ஒளிபரப்பு அனலாக் முறையில் அமைந்தது. காட்சியின் ஒளி ஏறி இறங்குவதற்கேற்ப மின்னழுத்தமும் ஏறி இறங்கியது. கணினி அறிந்ததோ எண் ஒன்றே. ஆகவே, அட்டை படத்தின் ஒவ்வொரு கோட்டையும் 720 இடங்களில் அளந்து எண்ணாக்கும். ஒரு படத்தில் காணும் கோடுகள் 576. வினாடிக்குப் படங்கள் 25. புள்ளிக்கு இரண்டு பைட் எனக் கொண்டு பெருக்கிப் பாருங்கள். வினாடிக்கு 2 கோடியே 7 லட்சம் பைட்டுக்கு மேலாகும். மணிக்கு ஏறத்தாழ 75 ஜிகாபைட்! இதனைச் சேமிக்க அக்கால ஹார்டு டிஸ்கில் இடமேது? எனவே எம்பெக் போன்ற சுருக்கமுறைகள் துணைக்கு வந்தன. அடுத்தடுத்த படங்களில் மாறாத பகுதியை மீண்டும் எழுதாது, மாறியதை மட்டும் குறித்துக்கொள்வது அவற்றின் முக்கிய உத்தி.

காலம் மாறியது. அமெரிக்காவின் பெருநிலையங்கள் 2009 ஜூன் 12-இல் அனலாக் ஒளிபரப்பை நிறுத்தின. நம் தூர்தர்ஷனும் தன் அனலாக் ஒளிபரப்பிகளில் மிகப் பலவற்றை 2022-க்குள் மூடிவிட்டது. தெரிந்தெடுக்க அலையின்றி அட்டை பரணுக்குப் போயிற்று.

ஆயினும் அதன் அளக்கும் ஆற்றல் போகவில்லை. பல அட்டைகளில் வீடியோ டெக்கை இணைக்கத் தனித் துளை உண்டு. அதன் வழியே பழைய வி.எச்.எஸ். காசெட்டின் காட்சியைக் கணினிக்குள் எண்களாகச் சேமிக்கலாம். நான் தலைமையாசிரியராக இருந்த பள்ளியின் 1994-ஆம் ஆண்டு விழாவை, என் பழைய மாணவர் ஒருவர் இவ்வாறே மீட்டுத் தந்தார். அவ்விழாவில் வரவேற்புரை கூறிய தமிழாசிரியர் இன்று நம்மிடையே இல்லை. அவர் குரல் இருக்கிறது.

இதில் காலந்தாழ்த்தல் ஆகாது. காந்தநாடா ஈரக் காற்றில் பூஞ்சை பிடிக்கும். பதிவும் நாளடைவில் மங்கும். டெக் செய்துவந்த கடைசி நிறுவனமாகிய ஜப்பானின் ஃபூனாய் 2016 ஜூலையில் அத்தொழிலைக் கைவிட்டது. பழைய அட்டை பொருந்தும் கணினிகளும் அருகிவிட்டன, யு.எஸ்.பி.யில் செருகும் சிறு கருவிகள் இன்று அதே அளத்தல் வேலையைச் செய்கின்றன.

உங்கள் வீட்டுப் பரணிலும் திருமணக் காசெட்டோ பாட்டனாரின் மணிவிழாக் காசெட்டோ உறங்கக்கூடும். பூஞ்சை கண்ட நாடாவைத் தூய்மை செய்யாமல் ஓட்டாதீர்கள். எண்ணாக்கிய பதிவை இரண்டு இடங்களில் பிரதியெடுத்து வையுங்கள். அடுத்த விடுமுறைக்கு ஒத்திப்போடாது, இந்த விடுமுறையிலேயே பரணில் ஏறிப் பாருங்கள்.