எல்லையோரத்துப் பூவார்

அகத்தியமலையில் தோன்றும் நெய்யாறு அரபிக்கடலைச் சேருமிடத்தில் அமைந்துள்ள சிற்றூர் பூவார். ஆற்றுக்கும் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் மணல்திட்டு ஒன்றுண்டு. அதனைப் பொழி என்று வழங்குவர். மழைக்காலத்தில் பெருகிவரும் ஆறு அதனை உடைத்துக்கொண்டு பாயும். கோடையில் கடலலை மீண்டும் மணலைக் கொணர்ந்து அடைக்கும். வலைஞரும், தென்னை வளர்ப்போரும், சிறுவணிகரும் இவ்வூரின் குடிகள். பள்ளிவாசலும் மாதாகோயிலும் அம்பலமும் இங்கு அண்டை அயலாக விளங்குகின்றன.

திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் நீர்வழியாக இணைக்கும் நோக்குடன், திருவிதாங்கூர் அரசு 1860ஆம் ஆண்டில் அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாயை வெட்டத் தொடங்கியது. பூவாரிலிருந்து தெற்கே செல்லும் அக்கால்வாய் எண்ணியபடி முற்றுப்பெறவில்லை. வெட்டிய பகுதியும் இன்று பல இடங்களில் தூர்ந்து கிடக்கின்றது. எனினும் இரு பக்கத்து மக்களும் ஒரே வாழ்வினராக இருந்தமைக்கு அதுவே சான்று.

பின்னர் எல்லை வந்தது. நேசமணி அவர்கள் தலைமை தாங்கிய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கோரிய ஒன்பது தாலுக்காக்களுள் நெய்யாற்றின்கரையும் ஒன்று. 1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கும் கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நிலைத்தது. ஆயினும் பொழியூருக்கும் நீரோடிக்கும் இடையே கொள்வினை கொடுப்பினை அற்றுப்போய்விடவில்லை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது, எல்லைக்கு இருபுறமும் உள்ள கடற்கரைக் குடும்பங்கள் ஒரே துயரத்தில் ஆழ்ந்தன.

இத்தகைய நாட்டில் பிழைப்பு நாடிக் குடியேறியுள்ள நாம் எதனைக் காக்கப் போகின்றோம்? இரயில் நிலையத்தில் எழுத்தராகப் பணிபுரியும் நாம் அடிக்கடி காண்பது இது: தந்தை முன்பதிவுப் படிவத்தைத் தமிழில் நிரப்புகின்றார், அருகில் நிற்கும் மகனுக்கோ தன் பெயரையே அவ்வெழுத்தில் படிக்கத் தெரியவில்லை. பேச்சில் தமிழ் உண்டு, எழுத்தில் இல்லை. ஊரிலிருந்து பாட்டனார் எழுதும் கடிதத்தைப் பிறர் படித்துச் சொல்ல வேண்டியிருக்கின்றது. அடுத்த தலைமுறையில் அந்தப் பேச்சும் எஞ்சுமோ என்பது ஐயமே.

சட்டம் நமக்குத் துணை நிற்கின்றது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்கு ஆரம்பக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்கப் போதிய வசதி செய்ய முயல வேண்டும் என்று, 1956இல் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட 350-அ பிரிவு கூறுகின்றது. கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைமை அலுவலகங்களுக்கும் தமிழிலேயே எழுதி, தமிழிலேயே மறுமொழி பெற வழி செய்துள்ளது. இவ்வுரிமை கேட்போர்க்கே பயன்படும். ஒரு வீட்டார் தனித்துக் கேட்பதினும், ஒரு தெருவினர் கூடி விண்ணப்பம் எழுதுவது சிறப்பு.

மலையாளத்தை நம் பிள்ளைகள் பிழையறக் கற்கட்டும். அது நமக்கு வாழ்வளிக்கும் மண்ணின் மொழி. அதனோடு, நாள்தோறும் இரவு உணவுக்குப்பின் அரைமணி நேரம் தமிழ் எழுதப் பழக்குவோமாக. பாட்டனாரின் அடுத்த கடிதத்துக்குப் பேரப்பிள்ளையே தன் கைப்பட மறுமொழி எழுதட்டும்.