அந்த மெழுகுதிரி எங்கே?

நம் குழந்தை ஞானஸ்நானம் பெற்ற நாளைச் சற்றே நினைவுகூர்வோம். பாஸ்காத் திரியிலிருந்து ஏற்றிய மெழுகுதிரி ஒன்று நம் கையில் தரப்பட்டது. அந்த ஒளியை அணையாது காக்கும் கடமை பெற்றோரையும் ஞானப் பெற்றோரையும் சார்ந்தது என்று குருவானவர் எடுத்துரைத்தார். நாமும் உளமார இசைந்தோம். பின்னர் விருந்து நடந்தது. உற்றார் உறவினர் வாழ்த்திச் சென்றனர். அந்த மெழுகுதிரி இன்று எந்தப் பெட்டியின் அடியில் கிடக்கின்றது? அந்த நாள் எதுவென்று நம் பிள்ளைகளுக்கு உடனே சொல்ல நம்மால் இயலுமா?

“ஞாயிறுதோறும் பிள்ளைகளை மறைக்கல்விக்கு அனுப்புகிறோமே, அது போதாதா?” என்று சிலர் கேட்கலாம். அனுப்புவது நன்றே. ஆனால் ஒரு வாரத்திற்கு 168 மணி நேரம். மறைக்கல்விக்குக் கிடைப்பதோ ஏறக்குறைய ஒரு மணி நேரம். எஞ்சிய பொழுதெல்லாம் வீடும் பள்ளியும் தெருவும் கைப்பேசியுமே பிள்ளைகளுக்கு ஆசிரியர்கள். உறுதிபூசுதல் பெற்ற கையோடு கோயில் வாசலை மறந்துவிடும் இளைஞர்களைக் கண்டு வருந்துகிறோம். அவர்களில் பலர் வகுப்புக்குத் தவறாது வந்தவர்களே. வகுப்பில் கேட்டதை வீட்டில் காணாத பிள்ளை, அதைப் பள்ளிப்பாடங்களுள் ஒன்றாக எண்ணித் தேர்வு முடிந்ததும் மூடி வைத்து விடுவதில் வியப்பென்ன?

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-ஆம் ஆண்டில் குடும்பத்தை இல்லத் திருச்சபையாகக் காட்டியது. மறு ஆண்டில் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கையில், பெற்றோரே பிள்ளைகளின் முதன்மையான ஆசிரியர்கள் என்றும், அவர்கள் தவறவிடுவதைப் பிறர் ஈடுசெய்தல் அரிது என்றும் தெளிவுபடுத்தியது.

“எங்களுக்கே மறை சரிவரத் தெரியாதே!” என்று தயங்கும் பெற்றோர் உண்டு. அவர்கள் புனித சவேரியாரை நினைத்துக் கொள்ளட்டும். 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த அவர், மணியடித்துச் சிறுவர்களைக் கூட்டிச் செபங்களைத் தமிழில் கற்பித்தார். கற்றதை வீட்டில் தாய் தந்தையர்க்கும் அண்டை அயலார்க்கும் சொல்லிக் கொடுக்குமாறு பணித்தார். அக்காலத்துப் பெற்றோர் பிள்ளைகளிடமிருந்து கற்க நாணவில்லை. நாம் ஏன் நாண வேண்டும்? ஞாயிறு மாலையில் பிள்ளையின் மறைக்கல்விப் புத்தகத்தை வாங்கி, “இன்று என்ன படித்தாய்? எனக்கும் சொல்” என்று கேட்போம். செலவின்றிக் கிடைக்கும் முதல் துணை அதுவே.

இரண்டாவது துணை திருவிவிலியம். 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு எளிய தமிழில் அமைந்தது. நற்செய்திகளுள் சிறியது புனித மாற்கு எழுதியது; அதில் 16 அதிகாரங்களே உள்ளன. இரவுச் செபத்தின்போது நாளொன்றுக்கு அரை அதிகாரம் வாசித்தால் ஏறத்தாழ ஒரு மாதத்தில் முடிந்துவிடும். வாசிக்கும் முறை பிள்ளைகளுக்கும் வரட்டும்.

மூன்றாவது துணை மறைக்கல்வி நூல். இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் நூலே 1578-இல் கொல்லத்தில் வெளியான ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் மறைக்கல்வி நூல் அன்றோ! நம் முன்னோர்க்கு விசுவாசக் கல்வி அத்துணை இன்றியமையாததாய் இருந்தது. 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலுக்கு 2005-இல் சுருக்கம் ஒன்று வெளியிடப்பட்டது. வினா விடையாக அமைந்த அதில் 598 வினாக்கள் உள்ளன. நாளுக்கு ஒன்றாகப் படித்தாலும் இரண்டு ஆண்டுகளுக்குள் முடியும். “பாட்டியைக் கடவுள் ஏன் எடுத்துக் கொண்டார்?” என்று குழந்தை கேட்கும்போது அதட்டி வாயடைக்க வேண்டாம். விடை தெரியாவிடில், “இருவரும் சேர்ந்து தேடுவோம்” என்பதே நேர்மை. நூலைப் பார்ப்போம், பங்குக் குருவிடம் கேட்போம்.

எனினும் இவை யாவற்றிலும் மேலான துணை ஒன்றுண்டு. தந்தை செபிப்பதைப் பார்த்தாலே போதும், புனிதர்கள் எவ்வாறு செபிப்பார்கள் என்பது தமக்கு விளங்கிவிடும் என்ற கருத்தைச் சிறுமலர் தெரேசம்மாள் தம் வரலாற்றில் எழுதியுள்ளார். அந்தத் தந்தை லூயி மார்ட்டினும் தாய் செலியும் 2015-இல் ஒருசேரப் புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்டனர். தந்தை நாற்காலியில் சாய்ந்து கைப்பேசியைப் பார்த்தவாறு, “போய்ச் செபமாலை சொல்” என்று ஏவினால், பிள்ளை கற்பது செபமாலையை அன்று. செபம் சிறுவர்க்கு மட்டும் உரியது என்பதையே.

ஆகவே அன்பார்ந்த பெற்றோரே, இன்றே அந்த மெழுகுதிரியைத் தேடி எடுப்போம். கிடைக்காவிடில் வேறொன்று வாங்குவோம். ஞானஸ்நானச் சான்றிதழில் உள்ள நாளை நாட்காட்டியில் குறித்து வைப்போம். ஆண்டுதோறும் அந்த நாளில் வீட்டார் அனைவரும் கூடித் திரியை ஏற்றி, விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லி, பிள்ளையின் நெற்றியில் சிலுவை அடையாளம் வரைவோம். நம் கையில் ஒப்படைக்கப்பட்ட ஒளி அவர்கள் கைக்கு மாறும்வரை அதை அணையாது காப்பது நம் கடன்.