நோய்க்குறியும் பரிசோதனையும்: முதியோர் பராமரிப்பு இல்லங்களிற் கொவிட்-19

நோய்க்குறி தென்பட்டவரையே பரிசோதித்தல் என்பது தொற்றுநோய்த் தடுப்பில் நெடுங்காலம் வழங்கிவந்த நடைமுறை. முதியோர் இல்லங்களைப் பொறுத்தவரை அது எத்துணை ஏமாற்றமளிப்பது என்பதை அமெரிக்காவின் வொஷிங்டன் மாநிலத்துக் கிங் மாவட்ட இல்லங்கள் இரண்டின் அனுபவத்தைக் கொண்டு நோக்குவோம்.

முதலாவது இல்லத்தின் தொற்று 2020 பெப்ரவரி 28இல் வெளிப்பட்டது. மார்ச் 18 வரையில் அதனோடு தொடர்புற்ற 167 பேருக்குத் தொற்று உறுதியாயிற்று. அவருள் 101 பேர் அங்கு வதிந்தோர். 50 பேர் ஊழியர். 16 பேர் பார்க்க வந்தோர். தொற்றிய முதியோருள் மூவரில் ஒருவர் இறந்தனர். நோயுடனேயே வேலைக்கு வந்தமையும், ஒரே ஊழியர் பல இல்லங்களிற் பணியாற்றியமையும் பரவலுக்குத் துணைபுரிந்தன என ஆய்வாளர் கண்டனர்.

இரண்டாவது இல்லத்தில், குறி உண்டோ இல்லையோ, இசைந்த முதியோர் 76 பேரும் பரிசோதிக்கப்பட்டனர். 48 பேரிடம் தொற்று இருந்தது. அவருள் 27 பேருக்குப் பரிசோதனை வேளையில் எவ்வித நோய்க்குறியும் இல்லை. 24 பேருக்குச் சில நாட்களின் பின்னரே குறிகள் தோன்றின. குறி தோன்றுமுன் பெறப்பட்ட 24 மாதிரிகளுள் 17இல் உயிர்ப்புள்ள வைரசு வளர்ந்தது. குறியை எதிர்பார்த்திருந்தால் தொற்றியோருட் பாதிக்கு மேற்பட்டோர் தவறவிடப்பட்டிருப்பர்.

முதுமையில் நோய் தன்னை மறைத்துக்கொள்வதுமுண்டு. காய்ச்சல் ஏறாமலிருக்கலாம், பசியின்மையும் மனக்குழப்பமும் மட்டுமே தென்படலாம். மறதிநோயாளர் தம் நோவைச் சொல்லமாட்டார். எனவே அனைவரையும் பரிசோதிக்க வேண்டும். அதனை மீண்டும் மீண்டும் செய்யவும் வேண்டும். இன்று தொற்றில்லை என்ற முடிவு நாளைக்குப் பொருந்தாது.

ஆயின் முதியோர் வெளியே செல்வது அரிது. கிருமி பெரும்பாலும் வெளியிலிருந்து வருவோருடனேயே உட்புகும். ஆகவே ஊழியரை விடுத்த பரிசோதனை அரைகுறையானதே. இங்குதான் மருத்துவ வினா கூலி பற்றிய வினாவாகிறது. தொற்று உறுதியானால் வருமானம் அற்றுப்போகும் எனில், குறைந்த கூலி பெறும் பெண்ணொருத்தி பரிசோதனையை எங்ஙனம் விரும்பி ஏற்பாள்? அவளது பொறுப்பின்மையைக் கண்டிப்பது எளிது. நாம் அதற்கு உடன்படோம்.

இங்கிலாந்திலும் இதே பிரச்சினை எழுந்தது. அங்கு 2020இல் நடைபெற்ற விவால்டி ஆய்வு, ஊழியருக்குச் சுகவீனக் காலச் சம்பளம் வழங்கிய இல்லங்களில் முதியோரிடையே தொற்றுக் குறைவாயிருந்ததெனக் காட்டியது. அவ்வாண்டு யூலையில் ஊழியருக்கு வாரந்தோறும், முதியோருக்கு 28 நாட்களுக்கொருமுறை பரிசோதனை செய்யும் திட்டம் அறிவிக்கப்பட்டது. தனிமைப்படும் ஊழியருக்கு முழுச் சம்பளம் வழங்க உதவும் நிதியொன்று மே மாதத்திலேயே ஒதுக்கப்பட்டிருந்தது. எனினும் சட்டம் உறுதிசெய்த சுகவீனக் கொடுப்பனவு அவ்வாண்டில் வாரத்துக்கு 95.85 பவுண் மட்டுமே. வாரத்துக்கு 120 பவுணிலும் குறைவாக உழைத்தோருக்கு அதுவும் உரித்தாகவில்லை.