சீனக்குடா விமானங்களும் சிற்றுருவாக்கமும்

உவர்மலை எனவும் வழங்கும் ஓர்ஸ் ஹில், திருகோணமலை உட்துறைமுகத்தை அடுத்து நிற்பது. அத்துறைக்கு மேற்கே சீனக்குடா விமானத்தளம் உளது. 1942 ஏப்ரல் 9ஆந் திகதி காலையில் யப்பானியக் கடற்படை விமானங்கள் துறையையும் தளத்தையும் ஒருங்கே தாக்கின. எதிர்த்தெழுந்தவை பிரித்தானிய வான்படையின் 261ஆம் அணியைச் சேர்ந்த ஹரிக்கேன் விமானங்களாம். அவற்றைச் சிற்றுருவில் அமைக்க விழைவோன் முதலிற் பயிலவேண்டுவது ஒட்டும் தொழிலன்று, எண்ணும் தொழிலே.

இக்கலையிற் பெருவழக்காயுள்ள அளவு 1:72 ஆகும். ஆறடி மனிதன் இதில் ஓரங்குலமாவான். இதனை விளையாட்டென்று தள்ளிவிடலாகாது. 1942இல் ஐக்கிய அமெரிக்கக் கடற்படை, விமானங்களை இனங்காணும் பயிற்சிக்கென 5,00,000 மர உருவங்களை இவ்வளவிற் செய்து தருமாறு பள்ளிகளை வேண்டிற்று. இத்தகைய உருவத்தை 35 அடி தொலைவில் நின்று நோக்கின், மெய்யான விமானத்தை ஏறத்தாழ அரைமைல் தொலைவில் காண்பது போலவே தோன்றும்.

கடையிற் கிடைக்கும் ஹரிக்கேன் தொகுதி பெரும்பாலும் அடுத்த வகையினதாக இருத்தல் கூடும். நான்கு பீரங்கிகள் முன்னீண்டு நிற்பது 'இரண்டு சி' வகை. 261ஆம் அணியினர் கொண்டிருந்தவற்றுள் 'இரண்டு பி' வகையும் ஒன்று. அதற்கு இயந்திரத் துப்பாக்கிகள் பன்னிரண்டு. ஆகவே பீரங்கிக் குழல்களை அறுத்து, இறக்கையின் மேலுள்ள புடைப்புகளைச் சுரண்டி, பசையிட்டு நிரப்பித் தேய்த்தல் வேண்டும். பின்னர் முன்விளிம்பில் ஒவ்வோர் இறக்கைக்கும் ஆறு துளைகள்: விளக்கிற்கு உள்ளே நான்கு, வெளியே இரண்டு. நுண்ணிய துளைகோலைக் கையாற் சுழற்றுவதே நன்று. பொறியாற் சுழற்றினால் நெகிழி உருகிவிடும்.

தொகுதியே கிட்டாதவழி முழுவதையும் தாமே ஆக்கல் வேண்டும். 1939இல் சீனக்குடாவில் மீள அமைந்த 273ஆம் அணியிடம் இருந்த ஃபேரி சீல் என்னும் இரட்டையிறக்கை விமானம் அவ்வகையினது. அதன் இறக்கையகலம் 45 அடி 9 அங்குலம். சிற்றுருவில் 7⅝ அங்குலம். நெகிழித் தகட்டை வெட்டி உடற்சட்டங்களாக்குவர். தொகுதிகளில் எஞ்சிய தண்டுகளை மெழுகுதிரிச் சுடரருகே இளக்கி இழுத்து, மயிரிழையளவான கம்பிகளாக்குவர். கண்ணாடிக் கூண்டுக்கு மரத்தில் அச்சுச் செதுக்கி, சூடேறிய தெளிந்த தகட்டை அதன்மேல் அழுத்துவர். முதற்றகடு பெரும்பாலும் கிழிந்தே போகும்.

அன்று சீனக்குடா எண்ணெய்த் தாங்கியொன்றின்மீது யப்பானிய விமானம் வீழ்ந்தது. அதிலிருந்தோர் மூவர் எனக் கூறுவர். மூவரெனின் அது சீரோ ஆகாது. சீரோ ஒருவரே செல்வது. அக்காட்சியை அமைப்போர் நகாஜிமா 'பி5என்' தொகுதியையே எடுத்தல் வேண்டும். அதன் நீண்ட கூண்டினுள் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று இருக்கைகள்.