காட்டாறு வற்றினாலும் கிணறு வற்றாதிருக்க

கறம்பக்குடி வட்டாரத்தில் ஐப்பசி, கார்த்திகையில் பெருக்கெடுக்கும் அக்கினியாறு, பங்குனியில் வெறும் மணலாகக் கிடக்கிறது. காவிரியைப் போல இது நீண்ட நாள் ஓடாதது ஏன்?

பெய்யும் மழையில் ஒரு பகுதி ஆவியாகிறது. ஒரு பகுதி மண்ணுக்குள் இறங்குகிறது. மீதி, சரிவை நோக்கி ஓடி வாரியாகி, வாரிகள் கூடி ஆறாகிறது. 1 ஏக்கரில் 1 செ.மீ. மழை பெய்தால் சுமார் 40,000 லிட்டர் நீர் விழுகிறது. இப்படி நீர் தரும் நிலம் முழுவதும் ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதியாகும்.

காவிரி குடகு மலையில் பிறக்கிறது. தென்மேற்குப் பருவமழையை அங்குள்ள காடுகள் உறிஞ்சி, மெல்ல மெல்லக் கசியவிடுகின்றன. அக்கினியாற்றுக்கு மலை இல்லை. குளத்தூர்ப் பகுதியில் தோன்றி, ஏரி குளங்களின் உபரிநீரைப் பெற்று, தென்கிழக்கே சென்று பாக் நீரிணையில் கலக்கும் காட்டாறு இது. வடகிழக்குப் பருவமழையே இதற்கு முதல். மலைக்காடு செய்யும் வேலையை இங்கு ஏரிகளும் ஆற்று மணலும் செய்கின்றன.

மேலே காய்ந்து தெரியும் மணலுக்கு அடியில் நீர் இருக்கும். நீர் நிறைந்த 1 கன மீட்டர் பருமணல், சுமார் 200 லிட்டருக்குக் குறையாமல் நீரை விட்டுக்கொடுக்கும். வெள்ளத்தின் வேகத்தைத் தணித்து, நீரைப் பூமிக்குள் இறக்குவதும் மணலே. மணலை அள்ளி ஆற்றின் அடிமட்டத்தைத் தாழ்த்தினால், கரையோர நிலத்தடி நீர் அந்தப் பள்ளத்தை நோக்கி வடிந்துவிடும். கிணற்றின் நீர்மட்டமும் இறங்கும். தென்னைக்கும் கடலைக்கும் இறைக்க நீர் கிடைக்காமல், மேலும் மேலும் ஆழ்குழாய் போட்டுக் கடன்பட நேரிடும்.

விவசாயிகள் செய்ய வேண்டியவை:

1. ஏரிக்கு வரும் வரத்துவாரிகளை மழைக்கு முன், புரட்டாசிக்குள் சீர்செய்ய வேண்டும். வாரியை அடைத்துப் பயிர் செய்தல் கூடாது.

2. கோடை மழையில் சரிவுக்குக் குறுக்காக உழுது, வரப்புகளை உயர்த்தினால் வயலிலேயே நீர் இறங்கும்.

3. கலங்கல் நீரை நேரே கிணற்றில் விடக்கூடாது. குழியில் தேக்கி, வண்டல் படிந்து, ஜல்லியிலும் மணலிலும் வடிந்த பிறகே விட வேண்டும்.

4. ஆண்டுதோறும் தை மாதத்திலும் பங்குனியிலும் கிணற்று நீர்மட்டத்தைக் கயிறு விட்டு அளந்து குறித்துக்கொள்வது நல்லது. தையில் மட்டம் தாழ்ந்திருந்தால், கோடையில் கரும்பு, நெல்லைத் தவிர்த்து உளுந்து, எள் போன்ற குறைந்த நீர்ப் பயிர்களைத் தேர்ந்தெடுக்கலாம்.